மரணத்தை நினைவூட்டிய ஆபரணங்கள்



பொன்னும் மணியும் செல்வத்தையும் சௌந்தரியத்தையும் பறைசாற்றவே ஏற்பட்டவை என்று நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். ஆனால் பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியப் பிரபுக்களும் சீமாட்டிகளும், தாமும் ஒருநாள் மாண்டே தீரவேண்டியவர்கள் என்பதை இடைவிடாது ஸ்மரிக்கும் பொருட்டு, மண்டையோடும் சவப்பெட்டியும் அமைந்த ஆபரணங்களை விரும்பிச் செய்வித்து அணிந்தார்கள்.

லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அத்தகைய பதக்கம் ஒன்று இருக்கிறது. டெவன் மாகாணத்தில், டோர் மடாலயம் இருந்த இடத்தில் கிடைத்த அது, 1540-க்கும் 1550-க்கும் இடைப்பட்ட காலத்து வேலைப்பாடு. உள்ளங்கையில் அடங்கக்கூடிய பொற்சவப்பெட்டி. மேலே எனாமலில் கொடிப்பின்னல். மூடியை நீக்கினால், வெள்ளை எனாமல் பூசிய சின்னஞ்சிறு எலும்புக்கூடு. ஆயினும் பெட்டியின் பக்கங்களில் பொறித்திருப்பதோ, கிறிஸ்துவின் உயிர்த்தெழுதலால் மாந்தர் யாவரும் புனிதமடைவர் என்னும் நம்பிக்கை வாசகம்! அச்சுறுத்துவதற்கன்று, ஆத்மாவைச் செம்மைப்படுத்துவதற்கே அந்த எலும்புக்கூடு அங்கே கிடக்கிறது.

1649 ஜனவரி 30-ஆம் நாள் இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸ் சிரச்சேதம் செய்யப்பட்டபின், அவரிடம் பக்தி பூண்டவர்கள் அவருடைய நுண்ணிய உருவத்தை மோதிரங்களில் பதித்து அணியலாயினர். அதை வெளிப்படையாகக் காட்டுவது ஆபத்தாக இருந்தமையால், மூடியினுள் மறைத்து வைத்தோரும் உண்டு. எல்லோருக்கும் பொதுவான சாவை உரைத்த அணி, இன்னாருடைய சாவை உரைக்கத் தலைப்பட்டது. இறந்தவரின் கேசத்தைப் பின்னிப் பளிங்கின் கீழ் வைப்பதும், அவர் பெயரையும் மறைந்த நாளையும் மோதிரத்தில் எழுதுவதும் வழக்கமாயின. பதினெட்டாம் நூற்றாண்டில் அந்த எழுத்துக்குப் பின்புலமாகக் கருப்பு எனாமல் இட்டவர்கள், மறைந்தவர் குழந்தையாகவோ மணமாகாதவராகவோ இருந்தால் வெள்ளை எனாமல் இட்டார்கள்.

1861 டிசம்பரில் கணவர் ஆல்பர்ட்டை இழந்த விக்டோரியா மகாராணி, 1901-இல் தாம் மறையும்வரை துக்க உடையைக் களையவில்லை. அவரைப் பின்பற்றிய இங்கிலாந்தில், விட்பி கடற்கரையில் கிடைத்த ஜெட் என்னும் கரிய பொருள் துக்க ஆபரணங்கள் செய்வதற்குப் பெருமதிப்புப் பெற்றது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் மடிந்த மரங்கள் பாறையடுக்குகளில் அழுந்தி உருவானது அது, எடை குறைந்தது, மெருகேற்றினால் கண்ணாடிபோல் மின்னுவது.

பிரியமானவரின் கேசத்தைப் போற்றியவர்கள் அன்பால் உயர்ந்தவர்கள், ஐயமில்லை. எனினும், பிறருடைய மறைவுக்கு அழுவதைக் காட்டிலும், நம் மறைவை நாமே நிதானத்தோடு நோக்குவது அரிய சாதனை என்றே நான் கருதுகிறேன். அந்தப் பழைய பதக்கத்தைச் செய்தவரும் அணிந்தவரும் வாழ்வை வெறுத்தவர்கள் அல்லர். வெறுத்திருந்தால் அதில் அவ்வளவு அழகைச் சேர்த்திருக்க மாட்டார்கள். ஆயுளுக்கு எல்லை உண்டென்று அறிந்தவனே இன்று செய்யவேண்டிய நன்மையை நாளைக்கு ஒத்திவைக்க அஞ்சுவான். அந்த அச்சத்தை மனிதனுக்கு அளிப்பதைவிடச் சிறந்த காரியம் எதையும் எந்த ஆபரணமும் செய்துவிட முடியாது.