செக் என்ஜின் லைட் எரிந்தால்

அம்பத்தூர் தொழிற்பேட்டை, பாடியில் ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் செய்யும் லூகாஸ் டிவிஎஸ், ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை. வீட்டுக்கு ஒருவர் லேத்தோ ஃபிட்டிங்கோ தெரிந்தவராக இருக்கும் வட்டாரம் இது. ஆனாலும் டேஷ்போர்டில் அந்த மஞ்சள் என்ஜின் படம் எரிந்தால், "சென்சார் போச்சு, மாத்தணும்" என்ற ஒரு சொல்லுக்கே பர்ஸைத் திறந்துவிடுகிறோம்.

கொஞ்சம் பொறுங்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு பின் உள்ள சாக்கெட் இருக்கும். அதில் ஸ்கேனரைச் செருகினால் ஒரு எர்ரர் கோடு வரும். அது எந்த சர்க்கியூட்டில் கோளாறு என்று சொல்லுமே தவிர, சென்சார் செத்துவிட்டது என்று சொல்லாது. ஒயர் அறுந்தாலும், எலி கடித்தாலும் அதே கோடுதான்.

உதாரணத்துக்கு, கூலன்ட் சூட்டைப் பார்க்கும் சென்சார். என்ஜின் நன்றாக ஆறியபின் பானெட்டைத் திறந்து, ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கையால் தொடர்ந்து போங்கள். அது என்ஜினில் சேரும் இடத்தில் தெர்மோஸ்டாட் கூடு. பெரும்பாலும் அங்கேயோ அதன் பக்கத்திலோ, இரண்டு ஒயர் கப்ளரோடு சென்சார் இருக்கும். பூந்தமல்லி வெயிலில் ஸ்கேனர் மைனஸ் 40 டிகிரி காட்டினால் பயப்பட வேண்டாம். தொடர்பு எங்கோ அறுந்திருக்கிறது என்று அர்த்தம். சாவியை அணைத்துவிட்டு, ஒயரை இழுக்காமல் லாக்கை அழுத்திக் கப்ளரைக் கழற்றுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால், உள்ளே பின் பச்சை பூத்திருக்கலாம். கான்டாக்ட் கிளீனர் அடித்து, காயவிட்டு, மாட்டிப் பாருங்கள்.

ஆக்சிஜன் சென்சாரைத் தேட வேண்டியதில்லை. புகை போகும் குழாயில் ஸ்பார்க் பிளக் போலத் திருகியிருக்கும். கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒன்று, பல வண்டிகளில் பின்னால் இன்னொன்று. கிராங்க் சென்சார்தான் வம்பு. கிராங்க் புல்லி ஓரத்திலோ, கியர்பாக்ஸ் சேரும் இடத்திலோ ஒளிந்திருக்கும். சூடானதும் வண்டி நின்று, ஆறினால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறதென்றால் சந்தேகம் அதன்மேல் போகலாம். ஆனால் வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் நுழையாதீர்கள். அந்த வேலை மெக்கானிக்குக்கே. ஏர்பேக்கின் மஞ்சள் ஒயர்களையும் தொட வேண்டாம்.

ஸ்கேனரில் அந்த எர்ரர் கோடை அழிக்குமுன் அதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சென்சார் மாற்றித்தான் ஆகவேண்டும் என்று மெக்கானிக் சொன்னால், தாராளமாக மாற்றுங்கள். பழையதை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.