கப்பல் ஏற்றிய உதவித்தொகை

கணித மேதை ராமானுஜனைக் கேம்பிரிட்ஜ் அழைத்தது, சரி. பணம் கொடுத்தது யார்? நம் சென்னைப் பல்கலைக்கழகம்தான்! சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கெழுதியவருக்கு ஆண்டுக்கு 250 பவுன், 2 ஆண்டுகளுக்கு. கப்பல் கட்டணம் தனி. அதிலும் ஆண்டுக்கு 50 பவுனைக் குடும்பத்துக்கென்று ஒதுக்கிவிட்டார் மனிதர்.

பணம் கிடைத்துவிட்டது, குடுமியை என்ன செய்வது? தாயையும் மனைவியையும் முன்கூட்டியே கும்பகோணத்துக்கு ரயிலேற்றிவிட்டுத்தான் குடுமியை வெட்டத் தலையைக் கொடுத்தார். அந்தக் கோலத்தை அவர்கள் பார்க்கவேண்டாமே! பிறகு கழுத்தை இறுக்கும் காலர், முள்கரண்டி எல்லாம் பழகியாக வேண்டியிருந்தது.

1914 மார்ச் 17. 'நெவாஸா' கப்பல் சென்னையிலிருந்து கிளம்பியது. அவருக்கு வயது 26. கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரி தன் பங்காகக் கொடுத்தது 60 பவுன்.