வெள்ளைப் புள்ளி மறைந்தால் நோய் போய்விட்டதா?

2003ஆம் ஆண்டில் 'ஃபைண்டிங் நீமோ' திரைப்படம் வந்தது. அதே ஆண்டில் கோலாலம்பூரில் அக்குவேரியா கேஎல்சிசியும் திறக்கப்பட்டது. பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியோ கிள்ளான் தரைவீடோ, உப்புநீர்த் தொட்டியில் கோமாளி மீன் வளர்க்கும் ஆசை பலருக்கு உண்டு. ஆனால், வலிக்கிறது என்று மீன் சொல்லாது. நாம்தான் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் காயமா, நோயா என்று பாருங்கள். ஒரு கண் மட்டும் வெளுத்திருந்தால் பெரும்பாலும் அடிபட்டிருக்கும். இரண்டும் வெளுத்திருந்தால் தண்ணீரைச் சோதியுங்கள். துடுப்பின் கிழிசல் சுத்தமாக இருந்தால் வேறு மீன் கடித்திருக்கலாம். ஓரம் சிவந்து, நாளுக்கு நாள் கரைந்தால் அது அழுகல்.

உடம்பில் உப்புத்தூள் போன்ற புள்ளிகளா? பெரும்பாலும் 'கிரிப்டோகேரியோன்' என்ற ஒட்டுண்ணிதான். சில நாளில் புள்ளிகள் உதிர்ந்ததும், குணமாகிவிட்டது என்று மகிழ்கிறோம். உண்மையில் அது தொட்டியின் அடியில் தங்கிப் பெருகுகிறது. பிறகு நூற்றுக்கணக்கில் மீனைத் தேடி வரும். புள்ளியாக இல்லாமல் மாவு தூவியதுபோல் படிந்து, செவுள் வேகமாக அடித்தால் 'வெல்வெட்' நோய். சில நாளிலேயே உயிர் போகும்.

இரண்டுக்கும் செம்பு மருந்து உண்டு. ஆனால், பவளமும் இறாலும் உள்ள தொட்டியில் அதை ஊற்றினால் அவை மடிந்துவிடும். மீன்களைத் தனித் தொட்டிக்கு மாற்றி மருந்து கொடுங்கள். பழைய தொட்டி 6 வாரத்திற்கு மேல் மீனின்றி இருக்கட்டும்.

புதிதாக வாங்கும் மீனையும் ஒரு மாதம் தனியே வைத்துக் கவனியுங்கள். அந்தப் பொறுமை, வீட்டிலுள்ள மற்ற மீன்களைக் காப்பாற்றும்.