தொழுகைக்கு முன் சேர வேண்டிய தர்மம்



ரமளான் நோன்பு கடமையாக்கப்பட்ட ஹிஜ்ரி 2ஆம் ஆண்டிலேயே ஸதக்கத்துல் ஃபித்ரும் கடமையாக்கப்பட்டது. நோன்பாளியை வீண் பேச்சின் அழுக்கிலிருந்து தூய்மைப்படுத்துவதும், ஏழைக்கு உணவாவதும் அதன் நோக்கங்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் உணர்த்துகிறது. தொழுகைக்குப் பின் கொடுப்பது சாதாரண தர்மமாகவே அமையும் என்றும் அதே ஹதீஸ் எச்சரிக்கிறது.

இதன் அளவு ஒரு ஸாஉ. அதாவது இரு கைகளையும் சேர்த்து நான்கு முறை அள்ளும் தானியம். நமக்காகவும் நம் சிறு குழந்தைகளுக்காகவும் இதனை நிறைவேற்றுகிறோம். ஷாஃபிஈ மத்ஹபினர் ஊரின் பிரதான உணவான அரிசியைக் கொடுப்பர். ஹனஃபி மத்ஹபில் கிரயமாகவும் கொடுக்கலாம்.

இப்னு உமர் (ரலி) அவர்கள் பெருநாளுக்கு ஓரிரு நாட்கள் முன்னரே இதனைக் கொடுத்து வந்தார்கள். அதன் பயனை நாம் சிந்திக்க வேண்டும். பெருநாள் காலையில் பள்ளிவாசல் வாயிலில் வழங்கும் அரிசி, கை நீட்டி வந்து நிற்பவருக்கே கிடைக்கும். கை நீட்டக் கூசும் விதவைச் சகோதரி வாயிலுக்கு வரமாட்டார். நாமே அவர் வீட்டைத் தேடிச் செல்ல வேண்டும். அதற்குக் கால அவகாசம் வேண்டும். ரமளானின் தொடக்கத்திலிருந்தே கொடுப்பதற்கு இரு மத்ஹபுகளும் அனுமதிக்கின்றன.

ஆகவே பிறை 27க்குள் ஃபித்ராவை ஜமாஅத்தில் ஒப்படைப்போம். நம் இல்லங்களில் உலை கொதிக்கும் அதே வேளையில் அவ்வில்லங்களிலும் உலை கொதிக்கட்டும். வல்ல அல்லாஹ் நம் நோன்பையும் தர்மத்தையும் ஏற்றருள்வானாக! ஆமீன்.