முடியாத சீசன்: மேலகரத்தில் ஒரு மாடி வீடு

இன்னைக்கு எபிசோட் எங்க ஊரைப் பத்தி. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவுல இருக்கிற மேலகரம்.

குற்றாலம்னா உங்களுக்கு அருவி. எங்களுக்கு அது வாடகையும்தான். ஜூன்ல சாரல் விழ ஆரம்பிச்சதும் லாட்ஜ் ரேட் ஏறும். வீட்டையே நாள் வாடகைக்கு விடுறவங்க உண்டு. ஆகஸ்ட் தாண்டினா கூட்டம் குறையும், ரேட் இறங்கும், ஊர் பழையபடி ஆயிரும்.

படிப்புக்காக வர்ற கூட்டம் அப்படிக் குறையுறதில்ல. இங்க எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாத்தான் வந்தது. குற்றாலத்துல பராசக்தி மகளிர் கல்லூரி 1964லயே வந்தாச்சு. திருநெல்வேலி போற வழியில அபிஷேகப்பட்டியில மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், 1990ல. ஜோஹோ 2011ல தென்காசியில ஆபீஸ் திறந்துச்சு. இப்போ மத்தளம்பாறையில ப்ளஸ் டூ முடிச்ச பசங்களுக்கு உதவித்தொகை கொடுத்து சொல்லித்தர்றாங்க. 2019 நவம்பர்ல தென்காசி தனி மாவட்டமும் ஆச்சு. இது எல்லாமே நல்ல விஷயம். நான் சென்னைக்கு பஸ் ஏறின மாதிரி இனிமே எல்லாரும் ஏற வேண்டியதில்ல.

ஆனா, வர்றவங்க எங்க தங்குவாங்க?

எங்க வீட்டு மாடியில பதினோரு வருஷமா ஒரு அக்கா குடும்பம் குடியிருந்தாங்க. பீடி சுத்துறவங்க. வாடகை 3,500. ஒருநாள் புரோக்கர் ஒருத்தர் வந்தார். படிக்கிற பசங்க மூணு பேர், ஆளுக்கு 3,000, மொத்தம் 9,000ன்னார். கணக்கு அவ்வளவுதான். ஒரு குடும்பத்துக்கு வர்ற வருமானத்துல இருந்து ஒரு வாடகை. மூணு பசங்கன்னா மூணு வீட்டு அப்பாக்கள் சேர்ந்து ஒரு வாடகை. இந்தப் போட்டியில குடும்பம் ஜெயிக்கவே முடியாது.

அம்மா போன்ல என்கிட்ட கேட்டாங்க. "உங்க இஷ்டம்மா"ன்னு சொல்லிட்டேன். அதுதான் நான் சொன்ன பதில்.

அக்கா சண்டை போடல. "ரெண்டு மாசம் டைம் குடுங்க மதினி"ன்னு மட்டும் கேட்டாங்களாம். வாடகைன்னா எழுத்துல ஒப்பந்தம் வேணும்னு 2019ல இருந்து சட்டம் இருக்கு. எங்களுக்குள்ள இருந்தது வாய்ப்பேச்சு. அதனால அவங்க கையில காட்டுறதுக்கு ஒரு காகிதம்கூட இல்ல.

இப்போ ஆய்க்குடி பக்கம் போயிட்டாங்க. அவங்க பொண்ணு குற்றாலத்துல காலேஜ் படிக்குது. முன்னாடி ஒரே பஸ், பத்து நிமிஷம். இப்போ தென்காசி வந்து மாறணும். அதாவது, படிக்க வந்தவங்களுக்காக நாங்க வெளியேத்தினது படிச்சிட்டிருந்த ஒரு பொண்ணை.

பிரிட்டன்ல இதுக்கு ஒரு பேரே இருக்கு, ஸ்டூடன்டிஃபிகேஷன். டேரன் ஸ்மித்ங்கிற ஆய்வாளர் வெச்ச பேர். லீட்ஸ் நகரத்துல ஹெடிங்லிங்கிற பகுதியில குடும்பங்கள் குறைஞ்சு, தெருத் தெருவா மாணவர் வீடா ஆச்சு. 2010க்கு அப்புறம், குடும்ப வீட்டை இப்படிப் பகிர்வு வீடா மாத்த அனுமதி வாங்கணும்னு சொல்ற அதிகாரம் இங்கிலாந்து உள்ளாட்சிகளுக்கு இருக்கு. நம்ம ஊர்ல அதுக்கு முன்னாடி ஒரு எளிய கேள்வி கேக்கலாம்: நூறு சீட் கூட்டுற கல்லூரி, எத்தனை கட்டில் கூட்டுது? ஹாஸ்டல் இல்லாம சீட் கூட்டினா, மீதிக் கட்டிலை ஏதோ ஒரு அக்கா வீட்டுல இருந்துதான் எடுக்கணும்.

பசங்க மேல எனக்குக் கோபமே இல்ல. நல்ல பசங்க. அம்மாவுக்கு கேஸ் சிலிண்டர் தூக்கிக் குடுக்கிறாங்க. நானும் சென்னையில படிக்கிறப்போ நாலு பேரோட ஒரு வீட்டுல இருந்தவன்தான். கிச்சன் சுவர்ல பென்சில் கோடு இருந்துச்சு, யாரோ ஒரு குழந்தையோட உயரம் அளந்தது. அந்தக் குடும்பம் ஏன் காலி பண்ணிச்சு, எங்க போச்சுன்னு நான் ஒருநாள்கூட யோசிச்சதில்ல.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனப்போ ஆய்க்குடி போய் அக்காவைப் பாத்தேன். காபி போட்டுக் குடுத்தாங்க. "மாடியில தண்ணி ஒழுங்கா வருதா தம்பி?"ன்னு கேட்டாங்க.

வருதுன்னு சொன்னேன்.