லாலான் புல்லும் நம் ஓட்டும்

 

பரிசளிப்பு நாளில் இவர் என்ன புல்லைப் பற்றிப் பேசுகிறார் என்று யாரும் சிரிக்க வேண்டாம். தோட்டத்தில் பாடுபட்ட நமக்கு லாலானைத் தெரியாதா? மேலே வெட்டினால் மறுபடி துளிர்க்கும். நெருப்பு வைத்தால் சில நாளில் ஈட்டி ஈட்டியாகக் கிளம்பும். அதன் உயிர் மண்ணுக்குள் ஓடும் வேர்த்தண்டில் அல்லவா இருக்கிறது? அதைத் தோண்டி எடுக்க வேண்டும். இல்லையேல் வெயில் படாதபடி அவரையினக் கொடியைப் படர விட வேண்டும். ரப்பர்க் கன்று நிரைகளுக்கிடையே கொடி போடுவது மண் அரிப்பைத் தடுக்க மட்டுமல்ல, லாலானை அடக்கவும்தான். கவனிக்காமல் விட்டுப் பாருங்கள், நிரை எது காடு எது என்று தெரியாது.

1957இல் நமக்குச் சுதந்திரம் கிடைத்தது. கன்று நட்டாயிற்று, இனி அதுபாட்டுக்கு வளரும் என்று இருந்துவிட முடியுமா?

பிள்ளைகளே, இந்நாட்டில் ஒரு காலத்தில் ஊராட்சித் தேர்தல் நடந்தது. நகரசபை உறுப்பினரை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். 1965இல் இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டித் தற்காலிகமாக நிறுத்தினார்கள். மோதல் 1966இல் ஓய்ந்தது, தேர்தல் திரும்பவில்லை. 1976ஆம் ஆண்டுச் சட்டம் நியமன முறையையே நிலைநிறுத்திவிட்டது. குப்பை, சாக்கடை, தெருவிளக்கு பார்க்கிற உறுப்பினரை இன்றும் நாம் தேர்ந்தெடுப்பதில்லை. 'தற்காலிகம்' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு லாலான் வேர்தான் ஞாபகம் வரும்.

"நமக்கு எதுக்கு வாத்தியாரே அரசியல்?" என்று கேட்பவர்கள் உண்டு. கட்சிச் சண்டை வேறு, உரிமை வேறு ஐயா. 2019இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தால் ஓட்டுரிமை வயது 21இலிருந்து 18 ஆனது. 2021 டிசம்பர் 15 முதல் பெயரும் தானாகவே பட்டியலில் ஏறுகிறது. ஆனால் ஐ.சி.யில் உள்ள முகவரிப்படிதான் ஏறும். தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிபோன பிறகும் கார்டில் பழைய லயத்து முகவரியே இருந்தால், ஓட்டும் அங்கேதான். எத்தனை பேர் மாற்றியிருக்கிறோம்?

பத்திரமே இல்லாத பிள்ளைக்கோ ஐ.சி.யும் இல்லை, ஓட்டும் இல்லை. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் 12 வயதில் மைகார்டு எடுக்க வேண்டியவர்கள். அவர்களின் பெற்றோர் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள். பிறப்புப் பத்திரம் இருந்தால் எடுத்துக்கொண்டு வாங்க. இல்லாவிட்டாலும் வாங்க, கூச்சப்பட வேண்டாம். பதிவிலாகாவுக்குச் சேர்ந்தே போவோம்.