இரத்த ஓட்டமும் நெஞ்சு வலியும்



பால்மரம் வெட்டியவர்களுக்கு ஒரு செய்தி நன்றாகத் தெரியும். இருட்டோடு வெட்டினால் பால் தாராளமாக இறங்கும். வெயில் ஏறிய பிறகு வெட்டினால் மங்கு நிறையாது. காரணம் என்ன? இரவில் வேர் உறிஞ்சிய நீரால், பட்டையிலுள்ள பால் குழாய்கள் விடியற்காலையில் புடைத்து இறுகியிருக்கின்றன. அந்த அழுத்தமே பாலை வெளியே தள்ளுகிறது. வெயில் ஏறினால் இலைகள் வழியே நீர் ஆவியாகிப் போகிறது. அழுத்தம் தணிகிறது, பாலும் குறைகிறது.

குழாய், அதனுள் ஓடும் நீர்மம், அதைத் தள்ளும் அழுத்தம் ஆகிய மூன்றும் நம் உடம்பிலும் உண்டு. மரத்துக்கு இல்லாத ஒன்றும் நமக்கு உண்டு. அதுதான் இதயம்.

இதயம் என்பது அவரவர் கைமுட்டி அளவுள்ள தசை. எடை சுமார் 300 கிராம். அதில் நான்கு அறைகள் இருக்கின்றன. உடம்பைச் சுற்றி வந்த இரத்தத்தை வலப்பக்கத்து அறைகள் வாங்கி நுரையீரலுக்கு அனுப்புகின்றன. அங்கே பிராணவாயுவை ஏற்றிக்கொண்டு இரத்தம் இடப்பக்கத்து அறைகளுக்கு வருகிறது. இடப்பக்கம் அதை உடம்பு முழுவதற்கும் தள்ளுகிறது. அறைகளின் வாயில்களில் ஒரு பக்கமாக மட்டுமே திறக்கும் கதவுகள் உள்ளன. மருத்துவர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்பது அந்தக் கதவுகள் மூடும் ஓசையைத்தான்.

ஓய்வாக இருக்கும்போது இதயம் நிமிடத்துக்குச் சுமார் 70 முறை துடிக்கிறது. ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லிலிட்டர் இரத்தத்தைத் தள்ளுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர், ஒரு நாளைக்கு 7,000 லிட்டர்! 20 லிட்டர் வாளியால் அளந்தால் அது 350 வாளி ஆகும்.

இரத்தம் இப்படிச் சுற்றி வருகிறது என்பதை 1628ஆம் ஆண்டில் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹார்வி தம் நூலில் விளக்கினார். அவர் காட்டிய சோதனையை உங்கள் பிள்ளைகளும் வீட்டில் செய்து பார்க்கலாம். முன்கையில் புடைத்துத் தெரியும் நீலக் கோட்டைப் பேச்சில் நரம்பு என்கிறோம். உண்மையில் அது இதயத்துக்குத் திரும்பும் இரத்தக் குழாய். அதை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, இன்னொரு விரலால் முழங்கைப் பக்கமாக நீவிவிடுங்கள். நீவிய இடம் வெறுமையாகும். மேலிருந்து இரத்தம் திரும்பி இறங்காது, ஏனெனில் குழாயினுள்ளும் சிறு கதவுகள் இருக்கின்றன. அழுத்திய விரலை எடுத்தவுடன் கீழிருந்து இரத்தம் நிரம்பும்.

நேயர்களே, இதயத்துக்குள் எப்போதும் இரத்தம் நிறைந்திருக்கிறதே, அதற்கு இரத்தப் பஞ்சம் வருமா என்று கேட்கலாம். வரும். தண்ணீர் சுமப்பவருக்கும் தாகம் எடுக்கும் அல்லவா? இதயத் தசையும் தனக்கென உள்ள சிறு குழாய்களின் வழியாகத்தான் இரத்தம் பெறுகிறது. ஆபத்து அந்தக் குழாய்களில்தான் தொடங்குகிறது.

மரத்தில் வெட்டிய சில மணி நேரத்தில் பால் உறைந்து, வெட்டுக்கோட்டை அடைத்துவிடுகிறது. இரத்தமும் அப்படியே. கையில் காயம் பட்டால் உறைந்து அடைக்கிறது, நம்மைக் காக்கிறது. ஆனால் பல ஆண்டுகளாகக் குழாயின் உட்சுவரில் கொழுப்பு படிந்து, ஒரு நாள் அந்தப் படிவு வெடித்தால், அதையும் காயமென்று கொண்டு இரத்தம் உள்ளேயே உறைகிறது. குழாய் அடைபடுகிறது. அதற்கு அப்பால் உள்ள இதயத் தசை பட்டினியால் சாகத் தொடங்குகிறது. இதுவே மாரடைப்பு.

நம் குடும்பங்களில் நெஞ்சு வலித்தால் முதலில் சொல்வது என்ன? "வாயுவாக இருக்கும், சோடா குடி, தைலம் தேய், காலையில் பார்க்கலாம்." இந்தக் காத்திருப்புத்தான் உயிரைக் கொண்டுபோகிறது. நடு நெஞ்சில் பாரம் வைத்ததுபோல் இறுக்கம், இடக்கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், குமட்டல் ஆகியவை மாரடைப்பின் அறிகுறிகள். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கும், பெண்களுக்கும், முதியோருக்கும் வலியே இல்லாமல் திணறலும் களைப்பும் மட்டும் வரலாம். அப்போது மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் செல்ல வேண்டாம். 999ஐ அழையுங்கள். சுங்கைப் பட்டாணி, கூலிம், அலோர் ஸ்டார் என எது அருகில் இருக்கிறதோ, அந்த மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் சேர்க்க வேண்டும். உறைந்த கட்டியைக் கரைக்க மருந்து உண்டு. குழாயைத் திறக்கச் சிகிச்சையும் உண்டு. எவ்வளவு முன்னதாகப் போகிறோமோ அவ்வளவு தசை பிழைக்கும். வெறும் வாயு என்றே தெரிந்தாலும் நட்டம் ஒன்றுமில்லை.

இனி, வருமுன் காப்பது எப்படி? மரத்தின் அழுத்தம் குறைந்தால் மங்கைப் பார்த்தே அறியலாம். நம் குழாய்களில் அழுத்தம் ஏறினாலோ, பெரும்பாலும் எந்த அடையாளமும் தெரியாது. இரத்தக் கொதிப்பு வலிக்காமலே குழாய்ச் சுவரைக் கெடுக்கும். மலேசியாவில் 2023இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் ஏறக்குறைய பத்தில் மூவருக்கு அது இருக்கிறது. அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளிக்குப் பார்த்து மருந்தும் தருகிறார்கள். பலமுறை பார்த்தும் அளவு 140க்கு 90 என்றோ அதற்கு மேலோ இருந்தால் கவனம் தேவை. மாத்திரை சாப்பிட்டு அளவு இறங்கியதும், "சுகமாகிவிட்டது" என்று நிறுத்துகிறவர்கள் பலர். அளவை இறக்கி வைத்திருப்பதே அந்த மாத்திரைதான்.

கருவாடு, ஊறுகாய், கிச்சாப், பொட்டல மீ ஆகியவற்றில் உப்பு மிகுதி. அளவோடு உண்ணுங்கள். சிகரெட் குழாய்களின் பகை, அதை விட்டுவிடுங்கள். நிரைகளில் ஏறி இறங்கி நடந்த காலத்தில், கெண்டைக்கால் தசை காலிலுள்ள இரத்தத்தைப் பிழிந்து மேலே ஏற்றியது. தோட்டத்தை விட்டுத் தொழிற்சாலையில் நின்றும் உட்கார்ந்தும் வேலை செய்கிறவர்கள், நாளுக்கு அரை மணி நேரமாவது வேகமாக நடப்பது நல்லது.

அடுத்த முறை கிளினிக் பக்கம் போகும்போது, வீட்டிலுள்ள பெரியவர்களையும் அழைத்துச் சென்று அழுத்தம் பார்த்து வாருங்கள்.